கருவியைச் சரிபார்க்கவும்

பத்து பெரிங்கி, காலை ஆறே முக்கால்.
நேற்று நனைத்து வைத்த துணி
உப்பேறி மொறமொறத்துக் கிடக்கிறது.
அதை வைத்தே பலகையைத் துடைக்கிறேன்.
தேதி மட்டும் அழிகிறது.
மற்றதை அழிக்கத் தேவையில்லை:

அலை: முழங்காலுக்குக் கீழே.
காற்று: சொல்லும்படி இல்லை.
ஜெல்லிமீன்: உண்டு, ஊதாக் கொடி.
நீர்:

நீருக்கு நேரே எழுதத்தான் கை வரவில்லை.

மூன்று நாளாய் ஒரு எண்ணை அனுப்புகிறேன்.
மூன்று நாளாய் அலுவலகத்திலிருந்து
ஒரே வரி திரும்பி வருகிறது.
கருவியைச் சரிபார்க்கவும்.
சரிபார்த்தேன். பேட்டரி மாற்றினேன்.
கம்பியை நல்ல தண்ணீரில் கழுவினேன்.
ஜெட் ஸ்கீ ஹக்கீமி கையை விட்டுப் பார்த்து
ஒரே சொல்லில் அறிக்கை தந்தான்:
"சூப், அக்கா."

முகிலரசன் போர்ட் கிள்ளானிலிருந்து
தவணையில் வாங்கிய பலகையோடு வந்திருக்கிறான்.
ஐந்து நாள் விடுப்பு, இது நான்காவது.
நடுக்கடலில் மல்லாந்து கிடக்கிறான்,
வார்டில் படுக்கை கிடைத்த ஆளைப் போல.
"எப்பக்கா அலை வரும்?"
"சுமத்ராவைக் கேளு" என்றேன்.
அந்தப் பக்கமிருந்து வரவேண்டிய விடிகாலைக் காற்று
இந்த மாதம் இரண்டே முறைதான் எட்டிப் பார்த்தது,
கடன்காரன் இருக்கிற வீட்டுக்கு வந்தவன் மாதிரி
வாசலிலேயே திரும்பிப் போனது.

திங்கட்கிழமை தெலுக் பஹாங்கில்
ஆ லெங்கின் கூண்டுகளில் சியாக்காப் மீன்கள்
வயிறு மேலே தெரியப் புரண்டன.
அவர் ஐஸ் லோரியைக் கூப்பிட்டார்.
மீனுக்கு என்றுதான் நினைத்தேன்.
கட்டி கட்டியாகக் கடலுக்குள் தள்ளினார்.
நாற்பது கட்டி.
கால்மணி நேரம் மிதந்தன.
அதன் மேல் ஒரு கொக்கு வந்து நின்றது,
காலை மாற்றி மாற்றி.
பிறகு அவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
லோரிக்காரனுக்குப் பணம் எண்ணினார்.
யாரும் சிரிக்கவில்லை.

ராத்திரி எங்கள் ஒன்பதாவது மாடியில்
குழாயைத் திறந்தால் தேநீர் போடலாம்.
மகன் தரையில் படுக்கிறான்.
ஒரு கல் சூடேறியதும் அடுத்த கல்லுக்கு உருள்கிறான்.
விடியும்போது பீரோவுக்கு அடியில் கால் மட்டும் தெரிகிறது.
பள்ளிக்கூடம் இல்லையென்று அவனுக்கு மகிழ்ச்சி.
மூன்றாம் நாள் அதுவும் போய்விட்டது.

இன்று பையில்
அவனுக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்து வந்தேன்.
முப்பத்திரண்டுக்குக் கீழே இது எண் சொல்லாது.
மேசை, சுவர், பொம்மை,
அவன் எதன் இடுக்கில் வைத்து விளையாடினாலும்
வெறும் கோடு போடும்.
உடம்பு என்றால் மட்டும் எண்.

இடுப்பளவு நீரில் நின்றேன்.
இறங்கியதே தெரியவில்லை.
எங்கே என் தோல் முடிந்தது,
எங்கே அது தொடங்கியது என்று
கால் விரலால் மணலைத் தடவித்தான் கண்டுகொண்டேன்.
முதலில் என் அக்குளில்: முப்பத்தேழு.
உதறிவிட்டு, நீருக்குள்.

கோடு வரும் என்று பார்த்திருந்தேன்.
முழங்கை வரை அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு,
கோடு வரட்டும் என்று.

பீப் என்றது.
முப்பத்துமூன்று புள்ளி ஒன்று.

ஓட்டல் படிக்கட்டில் ஒரு சின்னப்பெண்
"வெந்நீர்! அம்மா, வெந்நீர்!" என்று
குதித்துக் குதித்துக் கத்துகிறாள்.
அம்மா சன்கிரீம் பிதுக்குகிறாள்.

எண்ணை அனுப்பினேன்.
இம்முறை பதில் உடனே வந்தது:
எந்தக் கருவி?

காய்ச்சல் பார்க்கிறது, என்று அடித்தேன்.

அதற்குப் பதில் இன்னும் இல்லை.
பலகையில் சாக்பீஸ் வியர்வையில் குழைகிறது.
முகிலரசன் கையை உயர்த்தி எதையோ காட்டுகிறான்.
அலையா என்று எழுந்து பார்த்தேன்.
யாரோ ஓட்டிப்போன படகின் தடம்,
அவன் பலகையை ஒரு தடவை தூக்கி
ஒரு தடவை இறக்கிவிட்டுப் போனது.